சூடாமணி வீட்டு எம்டன் குண்டு

எங்கள் மந்தைவெளிக் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். நவராத்திரி வந்தால் பன்னிரண்டிலும் கொலு உண்டு. பதினோரு வீட்டுக்குச் சுண்டலுக்காகப் போவார்கள். கீழ்வீட்டு சூடாமணி வீட்டுக்கு மட்டும் குண்டுக்காகப் போவார்கள்.

நிஜமான குண்டுதான். 1914 செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று, நூற்றுச் சொச்சம் குண்டுகளை வீசித் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதல்லவா, அந்தக் குண்டுகளில் ஒன்றின் துண்டு. சூடாமணியின் கணவர் ஜெயராமுடைய தாத்தா அப்போது துறைமுகத்தில் குமாஸ்தா. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது அவர் மட்டும் மறுநாள் காலை ஆபீசுக்குப் போனாராம். போனவர் இதைப் பொறுக்கி மேல்துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாராம். ஒரு கை அகலம், ஒரு கிலோ கனம் இருக்கும். அன்று முதல் வருஷம் தவறாமல் கொலுவில் கலசத்துக்குப் பக்கத்தில் இடம். சந்தனம் இட்டு, அதன்மேல் குங்குமம். இரும்பைக் கழுவினால் துருப்பிடிக்கும் என்று யாரும் கழுவியதில்லை. பழைய குங்குமத்தின் மேலேயே புதுக் குங்குமம்.

கதையும் அப்படித்தான், பழசின் மேல் புதுசாக ஏறிக்கொண்டே போனது. நான் இங்கே குடிவந்த எண்பத்தொன்பதில், தாத்தா அதைத் துறைமுகத்தில் கண்டெடுத்தார். தொண்ணூற்று மூன்றில் அது அவர் காலடியில் வந்து விழுந்தது. தொண்ணூற்றாறில் அவர் குடுமியை உரசிக்கொண்டு போய்விட்டது. இன்னும் இரண்டு வருஷம் போனால் தாத்தாவே அதைக் கையால் பிடித்துத் திருப்பி எறிந்திருப்பார் என்று நான் மாடிப்படியில் சொன்னேன். சூடாமணி காதுக்கு அது போயிருக்கும். போகட்டும் என்றுதான் சொன்னேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து ஒரு மரப்பாச்சிகூடக் கொண்டுவராத மருமகள் அவள். நாத்தனார்கள் அதைச் சொல்லிக்காட்டாத வருஷம் கிடையாது. அந்த வீட்டுக் கொலுவில் அவளுடையது என்று இருந்தது அந்தக் கதை ஒன்றுதான். அதைச் சொல்லும்போது மட்டும் நாத்தனார்களும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

தொண்ணூற்றெட்டில் ஊரெல்லாம் டைட்டானிக் பைத்தியம் பிடித்து அலைந்தது. சூடாமணி அந்த வருஷம் கப்பல் கொலுவே வைத்துவிட்டாள். தெர்மாகோலில் கொலம்பஸின் கப்பல், வாஸ்கோடகாமாவின் கப்பல், எம்டன். எல்லாவற்றுக்கும் கீழே பாதி கூடத்தை அடைத்துக்கொண்டு டைட்டானிக். அதற்கு எதிரில் இடம் போதாமல் செட்டியார் பொம்மை, அரிசி பருப்பெல்லாம் பரப்பிக்கொண்டு, கப்பலுக்கே மளிகை சப்ளை செய்கிறவர்போல் உட்கார்ந்திருந்தார். முதல் நாளே எங்கள் பேட்டையின் இலவச வாரப் பத்திரிகைக்காரர் வந்து பார்த்தார். குண்டைப் படம் எடுத்து முதல் பக்கத்திலேயே போடலாம், விஷயம் தெரிந்த ஒருவர் இது குண்டுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். சூடாமணி அன்று தரையில் நடக்கவில்லை.

விஷயம் தெரிந்தவரைக் கூட்டி வந்தது நான்தான். என் அக்காவின் கணவர் அம்பி அத்திம்பேர், அடையாறில் இருக்கிறார். முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் இன்ஜினீயராக இருந்தவர். உதவி செய்யத்தான் அழைத்தேன் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வந்தார். தேதி சரியாகச் செப்டம்பர் இருபத்திரண்டு, எண்பத்து நாலு வருஷம் முடிந்த நாள். கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கொலுவில் வைத்ததை நடுவில் எடுக்கக் கூடாதே. சூடாமணி தலையாட்டி மறுத்துவிட்டாள். படியில் இடிக்காமல் எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்.

"குண்டோட துண்டுன்னா வளைஞ்சிருக்கணுமே. இது தட்டையான்னா இருக்கு" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். வெற்றிலை பாக்குக்காக உட்கார்ந்திருந்த ஆறு பெண்களுக்கும் கேட்டுவிட்டது. சூடாமணி குங்குமச் சிமிழை மூடினாள். "கொலு முடியட்டும் மாமா. கையில எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்கோ."

மறுநாள் பால் பாக்கெட் வாங்கும் நேரத்துக்குள் நாலு வீட்டுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அந்த நாலும் நான் சொன்ன வீடுகள்.

அதற்குப் பிறகு சூடாமணி கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். வருகிறவர்களுக்குச் சுண்டல் கொடுத்தாள், பாடச் சொன்னாள், ரவிக்கைத்துணி வைத்துக் கொடுத்தாள். குண்டு எங்கே என்று குழந்தைகள் கேட்டால் கையை மட்டும் காட்டினாள். நாத்தனார்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து, ரொம்ப நேரம் உட்கார்ந்து, ரொம்பச் சந்தோஷமாகப் போனார்கள். நான் சுண்டலைப் பாதியில் வைத்துவிட்டேன். காராமணி சரியாக வேகவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் தேவானை வாயைத் திறந்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து வந்து எங்கள் இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிறவள். குண்டு பொய்யாமே என்று நான் பேச்சுக் கொடுத்ததற்கு, அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"குண்டு இன்னாவோ, எனக்குத் தெரியாது மாமி. கப்பல் வந்தது நெசம். எங்க தாத்தா அன்னிக்குக் கட்டுமரத்துல இருந்தாரு. வெளக்கே இல்லாம இருட்டு ஒண்ணு போய்க்கினே இருந்திச்சாம். எதுக்கால கீற நட்சத்திரமெல்லாம் ஒண்ணொண்ணா அணைஞ்சு போச்சாம். அப்பால ஒண்ணொண்ணா எரிஞ்சிச்சாம். அவ்ளோ பெரிசு."

எம்டன் என்றால் எனக்கு அதுவரை ஒரு வசவு. கெட்டிக்காரப் போக்கிரியை 'சரியான எம்டன்' என்போமே, அவ்வளவுதான். எங்கோ சீனக் கரையிலிருந்து கிளம்பி, ஒரு பெருங்கடலையே மிரட்டி, நம் வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போய், இரண்டே மாதத்தில் ஒரு பவளத்தீவில் மோதிச் செத்த கப்பல். அது நட்சத்திரங்களை அணைத்துக்கொண்டு நம் பட்டினப்பாக்கத்துக் கடலில் போயிருக்கிறது. தினமும் மொட்டைமாடியில் வடாம் காயவைக்கும்போது பார்க்கிற அதே கடல். அன்று போய்ப் பார்த்தேன். வேறு கடல் மாதிரி இருந்தது.

விஜயதசமி வியாழக்கிழமை வந்தது. அன்று சாயங்காலம் ஒரு பொம்மையைப் படுக்கவைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை கொலுவைக் கலைக்கக் கூடாது. ஆகச் சனிக்கிழமை காலையில்தான் சூடாமணி அந்த இரும்பை இரண்டு கையாலும் எடுத்து, கூடத்தில் விரித்த செய்தித்தாள் மேல் வைத்தாள். அத்திம்பேர், ஜெயராம், நான், தேவானை. பத்திரிகைக்காரருக்குப் பத்து மணிக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

அத்திம்பேர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்பது வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் காரைபோல் இறுகியிருந்தது. இதை எடுக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ஜெயராம் மனைவியைப் பார்த்தார். அவள் தேவானையைப் பார்த்தாள். குத்துவிளக்குத் தேய்க்கிற புளியோடு தேவானை உட்கார்ந்தாள்.

முதலில் சிவப்பாக வழிந்தது, பிறகு மஞ்சளாக, பிறகு கறுப்பாக. தேய்த்துக்கொண்டே வந்தவளின் கட்டைவிரல் ஓரிடத்தில் உள்ளே போயிற்று.

"ஓட்டை கீது" என்றாள்.

குச்சியால் குத்தினாள். குங்குமம் ஒரு கட்டியாக விழுந்தது. கச்சிதமான வட்டம். அதற்கு இரண்டு விரல் தள்ளி இன்னொன்று. ஓரத்தில் மூன்றாவது, பாதியில் கிழிந்திருந்தது. தேவானை அதைத் தூக்கிப் பிடித்தபோது ஜன்னல் வெளிச்சம் ஓட்டைகள் வழியாக வந்து சூடாமணியின் புடவையில் இரண்டு காசுபோல் விழுந்தது.

அத்திம்பேர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் அளந்தார்.

"இது குண்டு இல்லே. கப்பலோட பக்கத் தகடு. இதெல்லாம் தகட்டைச் சேர்க்க ரிவெட் ஆணி அடிச்ச ஓட்டை" என்றார். ஓரம் முழுக்க ஒரே பக்கமாக மடங்கியிருப்பதைத் தடவிக் காட்டினார். வெளியிலிருந்து அடி வாங்கி உள்பக்கமாகக் கிழிந்திருக்கிறது. எம்டன் மேல் அன்று ஒரு குண்டும் படவில்லை. அப்படியானால் இது துறைமுகத்தில் சும்மா நின்றிருந்த ஏதோ ஒரு சரக்குக் கப்பல். "இந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது தூங்கிண்டிருந்திருப்பா. நானும் அப்படித்தான் முப்பது வருஷம் தூங்கினேன்."

ஜெயராம் தலையைக் குனிந்துகொண்டார். அத்திம்பேருக்கு மனசு கேட்கவில்லை. இங்கே இருப்பது ஐந்து பேர்தான், குண்டு என்றே சொல்லிவிடலாம், தானே பத்திரிகைக்காரரிடம் பேசுவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் யாரிடமும் மூச்சுவிடமாட்டேன் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

சூடாமணி தகட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். கிழிந்த ஓரத்தில் விரலை வைத்துக் கொஞ்சம் அழுத்தினாள்.

"குண்டு போட்டவனுக்குன்னு நெனைச்சுண்டுதான் இத்தனை வருஷமா பொட்டு வச்சேன்" என்றாள். "அடி வாங்கினவாளுக்கில்ல போய்ச் சேந்திருக்கு. அதை மாத்திச் சொல்லமாட்டேன் மாமா."

பத்து மணிக்கு அவளே போன் செய்தாள். தாத்தா காலடியும் குடுமியும் எதுவும் வரவில்லை. ஒரு கப்பல் அடிபட்டது, சிலர் செத்துப்போனார்கள், மறுநாள் ஒரு குமாஸ்தா அதில் ஒரு துண்டை எடுத்து வந்தார். அவ்வளவுதான். போனின் அந்தப் பக்கத்தில் ஏமாற்றம் என்பது அவள் 'பரவாயில்லை, பரவாயில்லை' என்று இரண்டு தடவை சொன்னதிலேயே தெரிந்தது. அடுத்த வாரப் பத்திரிகையில் டைட்டானிக் படம் வந்தது, செட்டியாரோடு. தகட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அன்று போனை வைத்துவிட்டு அவள் தகட்டைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். ஒரே ஒரு பொட்டு, ஓட்டையில் படாமல் வைத்தாள். பரணில் ஏற்றும்முன் என்னிடம் நீட்டி, பார்க்கிறீர்களா மாமி என்றாள்.

இந்தக் குடியிருப்பில் நான் பார்க்காத சாவித்துவாரம் கிடையாது. ஆனால் அந்த ஓட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க எனக்குக் கை எழவில்லை. வாங்கி, கனத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.