மதிலுக்கு அப்பால் இறங்கிய குருவிகள்

நேற்று நண்பகலில் அவ்வாத் பாறை இடுக்கில் சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். தண்ணீர்த் தோல்பையும் கிழிந்துபோயிற்று. நம்பி வந்த ஊற்றோ வறண்டு கிடந்தது. ஊருக்கு ஒரு பகல் நடை. விடியும்போது அவன் நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. உடன் இருந்தது அவன் மனைவி சப்ஹா மட்டுமே.

எதிர்ப் பாறையில் வெள்ளைத் தலைக் கருங்குருவி ஒன்று வாலாட்டியது. நல்ல சகுனம், அதன் பின்னாலேயே போ என்றான். பூச்சி தின்னும் பறவைக்குத் தண்ணீர் எதற்கு? சகுனத்தைக் குடிக்கவா முடியும்? சப்ஹா தேநீர்க் கெட்டிலை எடுத்துக்கொண்டு சிவப்புக் குருவிகளுக்காகக் காத்திருந்தாள். காய்ந்த விதையே தின்பதால் அவற்றுக்கு அன்றாடம் தண்ணீர் வேண்டும். குடித்துவிட்டு வருபவை கல்லுக்குக் கல் உட்காரும். குடிக்கப் போகிறவை எங்கும் நிற்பதில்லை.

ஆறு குருவிகள் நிற்காமல் தாழப் பறந்தன. பின்னால் ஓடினாள். முகட்டிலிருந்து அவை இறங்கிய இடத்தைப் பார்த்ததும் திகைத்துப்போனாள். அவள் அண்ணன் ஸாலிமின் தோட்டம். பூட்டி இரண்டு வருடம். தொட்டி வற்றிவிட்டதென்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஸாலிமோடு வந்த ஒரு கழுதைத் தகராறில் அவ்வாத் நாலு பேர் முன்னால் சத்தியம் செய்திருந்தான்: "அவன் தோட்டத்துல நீ கால் வச்சா, அன்னைக்கே உனக்குத் தலாக்."

இந்த மலையில் அந்தச் சொல்லை விட்டவனால் திரும்ப அள்ள முடியாது. வாய்க்கொழுப்பு அவனுடையது, வெயிலில் நிற்பது இவள். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

மதில்மேல் ஏறிக் குப்புறப் படுத்தாள். தொட்டி மதிலை ஒட்டியே இருந்தது; அடியில் ஒரு முழத் தண்ணீர். தலைத்துணியை அவிழ்த்துத் தொங்கவிட்டாள். எட்டவில்லை. இன்னும் சரிந்தாள். ஒரு கல் பெயர்ந்து உள்ளே விழ, குருவிகள் சிதறின. உடம்பு வழுக்கியது, கால் விரல்கள் மதில் விளிம்பை எப்படியோ பற்றிக்கொண்டன. துணி நனைந்தது. பிழிந்து பிழிந்து கெட்டிலை நிரப்பினாள்.

திரும்பி வந்தபோது அவனுக்கு உயிர் இருந்தது. இரண்டு மடக்கு குடித்ததும் எங்கே கிடைத்தது என்று கேட்டான். சொன்னாள். கெட்டிலை வாயிலிருந்து இறக்கினான்.

"கால் வச்சியா?"

"முதல்ல குடிங்க. நான் இன்னும் உங்க பொண்டாட்டியா இல்லையான்னு அப்புறம் சொல்றேன்."

அவன் குடித்தான். கண்ணை மட்டும் அவள் காலிலிருந்து எடுக்கவில்லை.