நுரை காய்வதற்குள்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்கியது. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் தாழ்ந்த குரலில் சொன்ன ஒரு வாக்கியம் என் காதிலும் விழுந்துவிட்டது. அது எனக்காகச் சொல்லப்பட்டதல்ல. ஆனாலும் எழுதிவைத்துக்கொண்டேன். ஏழு வருடங்களாக என் கணினியில் ஒரு கோப்பின் முதல் வரியாக அது இருக்கிறது. இரண்டாவது வரி நிலைக்கவே இல்லை.

வாக்கியம் இதுதான்: "நான் இல்லன்னாலும் இவ நல்லாத்தான் இருப்பா, இல்லக்கா?"

சொன்னவள் பிள்ளை பெற்று ஒன்பது நாளானவள். 'இவ' என்பது அவளுடைய பெண் குழந்தை. 'அக்கா' உறவுக்காரர் அல்ல. குழந்தை பிறந்த வீடுகளுக்குத் துணையாகப் போவதைத் தொழிலாகக் கொண்டவர்.* எனக்கு எப்படிக் கேட்டது என்றால், நான் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். சுவர் மெல்லியது. [இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்.]

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சொன்னாரா? கதை இவ்வளவுதான்.

* இதற்கு டூலா என்று பெயர். மருத்துவமனைச் சீட்டில் அப்படித்தான் இருந்தது. வீட்டில் யார் நாக்கிலும் அது ஒட்டவில்லை. மருத்துவர் அல்ல, செவிலியர் அல்ல, வீட்டு வேலைக்கு வந்தவரும் அல்ல. குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவளைப் பார்த்துக்கொள்பவர். நான் துணையக்கா என்று எழுதப்போகிறேன்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவர் அந்த வீட்டுப் படியேறி— மழை பெய்யவில்லை. துக்கம் வந்தால் மழையைத் துணைக்குக் கூப்பிடுவது என் பழைய கெட்ட பழக்கம்.

தாய்மை என்பது— வேண்டாம். இப்படித் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் என்னைப்போன்ற ஆண்கள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கழுவினார். இது பரவாயில்லை. இதில் நான் இல்லை.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கழுவினார். முழங்கைவரை, அவசரமில்லாமல். அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நேராகத் தொட்டிலுக்குப் போனார்கள். துணையக்கா கட்டிலுக்குப் போனார்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

கட்டிலில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து நாளாக எல்லோரும் அவளிடம் கேட்டது 'பால் குடிச்சாளா?' என்பதுதான். தன்னைப் பற்றிய கேள்வி என்று புரிவதற்கே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

கணவனின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், கதவில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலைக்குள் துணையக்காவுக்குக் 'கையலம்பி' என்று பெயர் வைத்துவிட்டார்.

"நாங்களும்தான் மூணு பெத்தோம். ஆள் வெச்சா பெத்தோம்?"

"ஆள் இருந்திருப்பாங்க" என்றார் துணையக்கா, துணியை மடித்தபடி. "அவங்களுக்கு யாரும் பேர் வெச்சிருக்க மாட்டாங்க. எனக்குத்தான் நீங்க வெச்சுட்டீங்களே."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். துணையக்கா வந்த மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பும்போது, "நல்லா பார்த்துக்கோ கையலம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

3

அவர் வேலையைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் தப்பு. குழந்தையைக் குளிப்பாட்டுவார், தூங்கவைப்பார், நாள்முழுக்க இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவார் என்று நினைத்திருந்தேன். அவர் குழந்தையைத் தூக்குவதே அபூர்வம்.

தாய் பால் கொடுக்க உட்கார்ந்தால் அவள் முழங்கைக்கு அடியில் தலையணையைச் செருகுவார். காலியாக இருக்கும் கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர் வைப்பார். கடைசியாக எந்தப் பக்கம் கொடுத்தாள் என்பது மறக்காமலிருக்க அவள் மணிக்கட்டில் ஒரு ரப்பர் வளையம். ஒவ்வொரு தடவையும் கை மாறும். குழந்தை அழுதால், தன் கையைத் தாயின் கைமேல் வைத்து, அவள் கையால்தான் தட்டிக்கொடுப்பார்.

"நீங்களே தூக்கலாமேக்கா?"

"நான் தூக்கினா ஒரு நிமிஷத்துல அடங்கிடுவா. அதனாலதான் தூக்கறதில்ல. இது இருபது வருஷத்துக் கை. உங்களோடது அஞ்சு நாள் கை. ரெண்டையும் ஓட்டப்பந்தயத்துக்கு விடலாமா?"

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். பால், ஈரத்துணி, தூக்கம் என்று குழந்தைக்கு மூன்று கட்டங்கள். நான்காவது கட்டத்தின் தலைப்பு 'அம்மா'. அதில் ஆறாம் நாள்: பாதிதான் சாப்பிட்டாங்க. சிரிக்கலை. ஏழாம் நாள்: ரெண்டு மணி நேரம் தூங்கினாங்க. சிரிக்கலை. எட்டாம் நாள்: தலைக்குக் குளிக்கணும்னு தானே கேட்டாங்க. நல்லது.

ஒன்பதாம் நாள் காலை அவள் தலைக்குக் குளிக்கப் போனாள். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. இந்த மாதிரி நேரத்துக்கும் துணையக்காவிடம் ஒரு முறை இருந்தது: குழந்தையோடு குளியலறைக் கதவருகே நின்று, 'அம்மா இதோ வந்துட்டாங்க' என்று இருவருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருப்பது. அழுகை நிற்காது. நிற்கவைப்பது தாயின் பங்கு.

ஆனால் அது ஒரு வாரமாக அலசாத தலை. பத்து நிமிடம் அவளுக்கு நிம்மதியாகக் கிடைக்கட்டுமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. குழந்தையைக் குப்புறத் தன் முன்கையில் கிடத்தி, முழங்கை மடிப்பில் அதன் கன்னத்தைப் பொருத்தினார். சொன்னபடியே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வீடு அடங்கியது.

உள்ளே தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

தலை நிறைய நுரையோடு, உடம்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

"ஏம்மா, அலசாமலே வந்துட்டீங்க?"

"அழுகை நின்னுடுச்சே."

"நின்னா நிதானமா குளிக்கலாமே."

"நான் வந்தா நிக்கறதில்லக்கா. நான் போனாதான் நிக்குது."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு நான் திருடிய அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

4

இங்கே கணவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் அவன்.

முதல் பிரதியில் அவனை வெளியூர் வேலைக்கு அனுப்பியிருந்தேன். இரண்டாவதில் அலுவலகத்துக்கு. மூன்றாவதில் தெருமுனை மருந்துக்கடைக்கு. ஒவ்வொரு பிரதியிலும் அவன் வீட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான். [கவனித்திருந்தால் அப்போதே எழுதுவதை நிறுத்தியிருப்பேன்.]

போன வாரம் பெண்ணின் தடுப்பூசி அட்டையைத் தேடும்போது, என் மனைவியின் துணி அலமாரியில் அந்த நோட்டு கிடைத்தது. ஒன்பதாம் நாள் பக்கத்தைப் பிரித்தேன். காலை 10.20. என் கையில் அடங்கினாள். என் தப்பு. அதற்குக் கீழே: அப்பா: வீட்டில். எழுதுகிறார்.

பக்கத்து வீடு என்று ஒன்று இல்லை. பக்கத்து அறைதான். மெல்லிய சுவர் இல்லை, சாத்திய கதவு. கணவன் நான்.

5

அவள் அதைச் சொன்னபோது என் விரல்கள் நின்றன. வேறு ஏதோ கதையின் நடுவில் இருந்தேன். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த விசைகளின் சத்தம் சட்டென்று நின்றது வெளியே தெரிந்திருக்கும். துணையக்கா என் கதவைத் திரும்பிப் பார்த்திருப்பார். [பார்த்தார் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. நான் உள்ளே இருந்தேன். ஆனால் அவர் உடனே பதில் சொல்லவில்லை. இடம் விட்டார். அந்த இடம் எனக்காகத்தான் என்று இப்போது தெரிகிறது.]

எழுந்து கதவைத் திறக்க நான்கு அடி. நான் புதிதாக ஒரு கோப்பைத் திறந்தேன். நான் இல்லன்னாலும் இவ— என்று தட்ட ஆரம்பித்தேன். மறந்துவிடுமோ என்று பயம். இப்படியொரு வாக்கியத்தை என்னால் சொந்தமாக எழுதிவிட முடியாது என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

நான் தட்டும் சத்தம் வெளியே மறுபடி கேட்டது.

"எழுதறார்" என்றாள் அவள். "எழுதும்போது இடி விழுந்தாலும் அவருக்குக் கேக்காது."

 துணையக்கா சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"உங்களை நீங்களே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதாம்மா?"



"தெரியலக்கா. யோசிக்கவே பயமா இருக்கு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"உங்க நாத்தனார் பேசினதுல பாதியை உங்களுக்குத் தெரியாம மறைச்சிருக்கேன். எதை வேணா மறைப்பேன். இதை மட்டும் மாட்டேன். இன்னிக்கே டாக்டரைப் பார்க்கறோம், நானும் வர்றேன். அதுவரைக்கும் உங்களை விட்டு நகர மாட்டேன். அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா, அதை மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க."

"நான் சொல்றேன்." கொஞ்சம் கழித்து: "பார்த்தீங்களே, உங்ககிட்டதான் அடங்கறா."

"நான் பண்ணக்கூடாததைப் பண்ணிட்டேன். உங்களுக்குப் பத்து நிமிஷம் குடுக்கறதா நெனச்சு வேற எதையோ எடுத்துட்டேன். இங்க பாருங்க, நான் இல்லன்னாலும் வீடு நல்லா இருக்கணும், அதுக்குத்தான் நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போறேன். இல்லாம போறது என் வேலைம்மா. உங்க வேலை இல்ல."

அவள் அழ ஆரம்பித்தாள். துணையக்கா குரலை உயர்த்தினார்.

"சார், கொஞ்சம் வந்து குழந்தையைப் பிடிங்க. தலை அலசிவிடணும். நுரை காயுது."

6

முடிவுகள்.

ஒன்று: அவர் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சத்தம் நின்ற அந்த நொடியிலேயே கதவு திறந்தது. கணவன் மனைவியின் காலடியில் உட்கார்ந்து— நல்ல முடிவு. வாசகர்களுக்கு இவனைப் பிடிக்கும். பொய்.

இரண்டு: அவனுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. இந்த முடிவுக்குள்தான் நாங்கள் ஏழு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறோம். நான் கட்டிய வீடு, அவளைக் கேட்காமலே அவளையும் குடிவைத்தேன்.

மூன்று: நடந்தது. கதவைத் திறந்தேன். வெளியே வருமுன் முகத்தைச் சரிசெய்துகொண்டேன். "என்னாச்சு?" என்று கேட்டேன்.

ஒரே சொல். பாதி எழுதியதை எத்தனையோ முறை அழித்திருக்கிறேன். இதை அழிக்க முடியவில்லை. துணையக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஈரத்துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, என்ன நிலவரம் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார். குழந்தையை என் கையில் வைத்தார். அவள் உடனே வீறிட்டாள். என்னால் அடக்க முடியவில்லை. குளியலறையில் குவளை குவளையாகத் தண்ணீர் விழும் சத்தமும், "கண்ணை மூடிக்கோங்க… இன்னும் கொஞ்சம்… ஆச்சு, ஆச்சு" என்ற குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன.

அன்று மதியம் மருத்துவரின் அறைக்கு வெளியே, பெஞ்சில், என் மனைவி அதே வாக்கியத்தை என்னிடம் சொன்னாள். முதல்முறை கேட்பவன்போலக் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டேன். துணையக்கா குழந்தைக்குக் குல்லாய் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

மாத்திரை, பேச்சு, தூக்கம், மறுபடி பேச்சு. மாதங்கள் ஆயின. தேறினாள். நோட்டில் முப்பத்தொன்றாம் நாள்: சிரிச்சாங்க. காரணம் தெரியலை. கேக்கலை. நாற்பத்திரண்டாம் நாள், கடைசிப் பக்கம்: குழந்தை அழுதாள். யாரும் என்னைக் கூப்பிடலை.

7

ஒன்பதாம் நாள் பக்கத்தை உங்களுக்கு முழுதாகக் காட்டவில்லை. அந்த வரி இப்படி முடிகிறது: அப்பா: வீட்டில். எழுதுகிறார். கேட்டுது. அவரே சொல்லட்டும்.

நோட்டு ஏழு வருடமாக என் மனைவியின் துணிகளுக்கு நடுவில் இருந்திருக்கிறது. ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன. எத்தனை முறை பிரித்தால் ஒரு நோட்டு அப்படியாகும் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறையாவது பிரித்திருப்பாள். அப்படியென்றால் இத்தனை வருடமாக இரண்டாவது முடிவில் குடியிருந்தது நான் மட்டும்தான்.

பெண் பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஆறாவது பகுதிவரை அச்சடித்து, நோட்டை மேலே வைத்து, இன்று காலை சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டு வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சற்றுமுன் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தாள்கள். கடைசித் தாளும் புரண்டு கொஞ்ச நேரமாகிறது.

நாற்காலி நகரவில்லை. அவள் அங்கேதான் இருக்கிறாள். நான் தட்டுவது அவளுக்குக் கேட்கும். நிறுத்தினால் அதுவும் கேட்கும்.

இது முடிவல்ல. நான் தரும் முடிவை இனி நீங்கள் நம்பவும் கூடாது. நான்கு அடிதான். இந்த வரியோடு கையை எடுக்கிறேன். அதற்குப் பிறகு அவளிடம் என் முதல் சொல்