கூட்டி வந்தவருக்கு நூற்றுக்கு ஐந்து

ஆரணி பஸ் நிலையத்தில் கல்யாணப் புடவை எடுக்க இறங்குகிறவர்கள் எந்தக் கடைக்குப் போவது என்பதைப் பெரும்பாலும் ஆட்டோக்காரர்கள்தான் முடிவு செய்வார்கள். ஆள் கூட்டி வந்ததற்கு எந்தக் கடையில் நல்ல கமிஷன் கிடைக்குமோ அந்தக் கடை வாசலில் ஆட்டோ நிற்கும். திலகவதியின் கடை வாசலில் நிற்காது.

கடை என்று சொன்னாலும் அது வீட்டின் முன்னறைதான். பின்கட்டில் மூன்று தறிகள். கணவர் லோகநாதனும் இன்னும் இரண்டு பேரும் நெய்கிற பட்டுப் புடவைகளை முன்னறையில் பாய் விரித்துப் போட்டு அவளே விற்றாள். சீட்டில் எழுதியிருக்கிற விலைதான் விலை. பேரம் பேசுகிறவர்களுக்கு மோர் கொடுப்பாள், விலையைக் குறைக்க மாட்டாள். ஆட்டோக்காரர்கள் கேட்கிற அளவுக்குக் கமிஷன் கொடுக்க வேண்டுமானால் சீட்டில் விலையை ஏற்ற வேண்டும். அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. ஆகவே முன்னறையில் புடவைகள் இருந்தன, ஆட்கள் வரவில்லை.

லோகநாதன் சண்டை போடுகிறவர் இல்லை. ஆடி பிறந்ததும் ஒரே ஒரு தடவை சொன்னார். ஆடி முடிகிற வரைக்கும் பார்ப்பது. அதற்குள் கடை நிற்கவில்லை என்றால், ஆவணி முதல் வாரத்தில் பழைய முதலாளியிடம் தறியில் ஏற்றுகிற பாவு நூலை வாங்கி வந்து மறுபடியும் கூலிக்கு நெய்வது. முதலாளியிடமும் பேசிவிட்டார். திலகவதி சரி என்றாள். சரி என்று சொன்ன மறுநாள் போனை எடுத்து உட்கார்ந்தாள்.

இதுவரை தன்னிடம் புடவை எடுத்தவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். உங்கள் பேச்சைக் கேட்டுப் புதிதாக யாராவது வந்து புடவை எடுத்தால், எடுத்த தொகையில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் உங்களுக்கு. விலை ஏறாது, என் லாபத்தில் இருந்து தருகிறேன் என்றாள். சிலர் சிரித்தார்கள். சிலர் பார்க்கலாம் என்றார்கள். இந்தச் செய்தி எப்படியோ ஆட்டோ ஸ்டாண்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆட்டோக்கார எல்லப்பன் அவளைக் கடைவீதியில் பார்த்து வண்டியை நிறுத்தினான்.

"யக்கா, நாங்க கூட்டிகினு வந்தா கமிஷன். கஸ்டமரு கூட்டிகினு வந்தா அது இன்னா, அன்பளிப்பா?"

"உன் ஆட்டோவுல வர்றவங்களுக்கு என் புடவையத் தெரியாது எல்லப்பா. அவங்க கட்டிப் பாத்துட்டு சொல்றவங்க."

"நானும் கட்டிப் பாக்கறேன், ஒண்ணு குடு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆடிப் பெருக்கன்று வந்தவாசியில் இருந்து ஒரு வேன் வந்தது. போன தை மாதம் அரக்கு நிறத்தில் ஒரு புடவை எடுத்துப் போன சிவசங்கரி, தன் நாத்தனார் ரேணுகாம்பாளைக் கூட்டி வந்திருந்தாள். ரேணுகாம்பாளின் மகள் ஜெயப்ரியாவுக்கு ஆவணியில் கல்யாணம். பொருள் வாங்க அந்த நாள் நல்லது என்று வேன் நிறைய வந்து, மதியம் வரைக்கும் புரட்டினார்கள். முகூர்த்தப் புடவையில் ஆரம்பித்து, கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாப் புடவைகளையும் அங்கேயே எடுத்தார்கள். சிவசங்கரியின் போனில்தான் ஒவ்வொரு புடவையையும் மணப்பெண்ணின் தோளில் போட்டுப் படம் பிடித்தார்கள். முந்தானைகளுக்குக் குஞ்சம் கட்ட வேண்டியிருந்ததால் முன்பணம் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் புறப்பட்டார்கள். லோகநாதன் தறியை விட்டு எழுந்து வந்து வேனுக்கு வழிகாட்டினார். அவர் அப்படி வெளியே வருகிறவர் இல்லை.

திலகவதி பல வருடம் கூலிக்கு நெய்தவள். புடவையைத் தறியில் இருந்து அறுத்துக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, கூலிக்காக அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி என்று முதலாளி வீட்டு வாசலில் நின்றவள். தன் கையால் கொடுக்கிற காசு யாரையும் காக்க வைக்கக் கூடாது என்பது அவள் வைத்திருந்த ஒரு கட்டுப்பாடு. ஆகவே வேன் தெருமுனையைத் தாண்டியதுமே சிவசங்கரியின் எண்ணுக்கு அவளுடைய பங்கை அனுப்பினாள். எதற்கு வந்த பணம் என்று குழப்பம் வரக் கூடாதென்று, கீழே "நாத்தனார் வீட்டாரைக் கூட்டி வந்ததற்கு" என்று எழுதியும் வைத்தாள்.

அப்போது சிவசங்கரியின் போன் ரேணுகாம்பாள் கையில் இருந்தது. புடவைப் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. எங்களுக்குப் புடவை வேண்டாம், முன்பணத்தைத் திருப்பி அனுப்பு என்றாள் ரேணுகாம்பாள். திலகவதி காரணம் கேட்டாள். "என் பொண்ணு கல்யாணத்துல என் தம்பி பொண்டாட்டிக்குக் கமிஷன் குடுத்தியே, அதான் காரணம்," என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் சிவசங்கரி அந்தப் பணத்தை ஒரு வார்த்தையும் எழுதாமல் திருப்பி அனுப்பியிருந்தாள். திலகவதி கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

லோகநாதன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, முன்பணத்தை அனுப்பிவிடு என்றார். இந்த வியாபாரமெல்லாம் நமக்கு வராது, முதலாளிக்குத் தகவல் சொல்லிவிடுகிறேன் என்றார். திலகவதி அதற்கு, நாளைக்கு ஒரு நாள் பொறுங்கள், நான் வந்தவாசி போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றாள். போய் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். அவளுக்கே தெரியவில்லை. போகாமல் விடுவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

காலையில் முகூர்த்தப் புடவையை ஒரு பையிலும் முன்பணத்தை இன்னொரு பையிலும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ரேணுகாம்பாள் அவளை வாசலில் சிறிது நேரம் நிற்க வைத்த பிறகுதான் உள்ளே விட்டாள். தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து பேச ஆரம்பித்தாள். பணம் பெரிதில்லை என்றாள். தாய்மாமன் வீடு என்றால் சீர் கொண்டு வருகிற வீடு. அந்த வீட்டுக்காரி இந்தக் கல்யாணத்திலேயே காசு பார்த்தாள் என்று சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டாள்.

"தப்பு என்னுதுதாங்க," என்றாள் திலகவதி. "குடுத்தது தப்பு இல்ல. உங்களுக்குத் தெரியாம குடுத்தது தப்பு."

"தெரிஞ்சு குடுத்திருந்தா நான் வாங்க வுட்டிருப்பனா?"

"அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருப்பீங்க. எனக்கும் பஸ் செலவு மிச்சம்."

உள்ளறையில் ஜெயப்ரியா சிரிக்கிற சத்தம் கேட்டது. ரேணுகாம்பாள் சிரிக்கவில்லை. அந்தப் பணம் தங்கள் புடவை விலையில் ஏற்றி வாங்கியதுதானே என்று கேட்டாள். திலகவதி இதை எதிர்பார்த்தே வந்திருந்தாள். சிவசங்கரி தை மாதம் புடவை எடுத்தபோது இந்த ஏற்பாடே கிடையாது. அதே ரகம், அதே ஜரிகைதான் நேற்று நீங்கள் எடுத்த நிச்சயதார்த்தப் புடவை. இரண்டு விலையையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்றாள். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அரக்குப் புடவையின் விலை ரேணுகாம்பாளுக்கு மனப்பாடம். தம்பி சம்பாதிப்பதை இவள் இப்படி இறைக்கிறாளே என்று தை மாதம் ஒரு வாரம் பேசியவள் அவள்தான்.

ரேணுகாம்பாள் பக்கத்துத் தெருவில் இருந்த சிவசங்கரியைக் கூப்பிட்டு அனுப்பினாள். சிவசங்கரி வந்து கதவோரம் நின்றாள். திலகவதியைப் பார்க்கவே இல்லை.

"எதுக்குடி வாங்கினே? அத்த மட்டும் சொல்லு," என்றாள் ரேணுகாம்பாள்.

"உங்க பொண்ணுக்கு சீர்ப் புடவ எடுக்கத்தான் அண்ணி. களம்பூர் மில்லுல உங்க தம்பிக்கு நாலு மாசமா லோடு சரியா இல்ல. அவரு உங்க கிட்ட சொல்ல மாட்டாரு. என்னையும் சொல்லக் கூடாதுன்னாரு."

ரேணுகாம்பாள் தம்பி குமரேசன் லாரி ஓட்டுகிறவன். போன வாரம் கூட வந்து, சீரில் ஒரு குறையும் வராது அக்கா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"அப்போ என் காசுலயே என் பொண்ணுக்கு சீரா?" என்று கேட்டாள். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

"உங்க காசு இல்லீங்க, என் காசு," என்றாள் திலகவதி. "எங்க தெரு எங்க இருக்குதுன்னு ஆரணியிலயே பாதிப் பேருக்குத் தெரியாது. போர்டு வெச்சா போர்டுக்காரனுக்குக் குடுப்பேன். ஆட்டோவுக்குக் குடுத்தா உங்க தலையிலதான் விடியும். இவங்க வாயால சொல்லி உங்கள கூட்டிகினு வந்தாங்க. அது வேல. வேலைக்குக் கூலி குடுத்தேன். வேணாம்னா இவங்க வேணாம்னு சொல்லட்டும். நீங்க வேணாம்னா, இந்தாங்க உங்க முன்பணம்."

இரண்டு பைகளையும் எடுத்து எதிரில் வைத்தாள். ரேணுகாம்பாள் பணப் பையைத் தொடவில்லை. புடவையை எடுத்து மடியில் போட்டு முந்தானையைப் பிரித்தாள்.

"குஞ்சம் பாதிதான் கட்டியிருக்கே."

"மீதிய நேத்து ராத்திரி கட்டியிருப்பேன். நீங்கதான் புடவையே வேணாம்னுட்டீங்க."

ரேணுகாம்பாள் இப்போது லேசாகச் சிரித்தாள். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். வெம்பாக்கத்தில் இருக்கிற சம்பந்தி வீட்டுப் பெண்களும் இன்னும் புடவை எடுக்கவில்லை. அவர்களையும் அடுத்த வாரம் அழைத்து வருவாள். சிவசங்கரிக்குக் கொடுக்க வேண்டியதை அவர்கள் எல்லார் முன்னாலும் கொடுக்க வேண்டும்.

"மறைச்சுக் குடுத்தா ஊரு பேசும். நானே நின்னு குடுக்கச் சொன்னா எவ பேசுவா?"

திலகவதி ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை, ஒரு பலகையில் பெயிண்டால் எழுதி வாசலில் மாட்டியது. எழுத்து கோணாமல் இருக்க ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டாள். "எங்கள் கடையைக் காட்டிக் கூட்டி வருகிறவருக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய். வாங்குகிறவர் முன்னிலையில் கொடுக்கப்படும். புடவை விலையில் சேராது." லோகநாதன் படித்துப் பார்த்துவிட்டு, முதலாளிக்கு என்ன சொல்வது என்று கேட்டார். அடுத்த வாரம் சொல்லலாம் என்றாள்.

அடுத்த வாரம் எல்லப்பனின் ஆட்டோ முதன்முறையாக அந்த வாசலில் நின்றது. பின்னால் இன்னும் இரண்டு ஆட்டோக்கள். பஸ் நிலையத்தில் வேறு கடைக்குப் போகலாம் என்று அவன் சொல்லிப் பார்த்திருக்கிறான். ரேணுகாம்பாள், நீ வண்டிய ஓட்டு, வாய ஓட்டாத என்று சொல்லியிருக்கிறாள். சம்பந்தி அம்மாள் பலகையை நின்று படித்தாள். ரேணுகாம்பாள் உரக்கவே சொன்னாள், இந்தக் கடையை எங்களுக்குக் காட்டியது என் தம்பி வீட்டுக்காரிதான் என்று. திலகவதி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் மேல் பணத்தை வைத்து சிவசங்கரியிடம் நீட்டினாள். சிவசங்கரி வாங்கிக்கொண்டு, அதே இடத்தில் உட்கார்ந்து, ஜெயப்ரியாவுக்குச் சீர்ப் புடவை பார்க்க ஆரம்பித்தாள். குறைந்ததைத் தன் பையில் இருந்து எடுத்துப் போட்டாள்.

சம்பந்தி அம்மாள், நாளைக்கு என் அக்கா பெண்ணைக் கூட்டி வந்தால் எனக்கும் உண்டா என்று மெதுவாகக் கேட்டாள். உண்டு என்றாள் திலகவதி.

எல்லப்பன் இன்னும் வாசலிலேயே நின்றான். பலகையைக் காட்டினான்.

"யக்கா, கூட்டி வர்றவருக்குன்னு போட்டுக்கீற. இன்னிக்குக் கூட்டியாந்தது யாரு?"

"அவங்க சொன்ன எடத்துக்கு நீ வந்தே. நீ சொன்ன எடத்துக்கு அவங்க வரட்டும், தட்டோட தரேன்."

அவன் பலகையை இன்னொரு தடவை படித்துவிட்டு, அப்போ விலை ஏத்த மாட்டியா என்று கேட்டான். மாட்டேன் என்றாள்.

உள்ளே புடவைகள் பிரிந்துகொண்டிருந்தன. லோகநாதன் பின்கட்டில் போனில் பேசி முடித்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். முதலாளியிடம் பாவு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"நம்ம பாவு எந்தக் கலருல போடறது, அரக்கா, பச்சையா?" என்று கேட்டார்.

திலகவதி பாயில் குவிந்திருந்த புடவைகளைப் பார்த்து, எது குறைந்திருக்கிறது என்று எண்ணினாள். "பச்சை," என்றாள்.