பறித்த வெள்ளிக்கிழமை

எங்கள் கரையில் வெள்ளிக்கிழமை வேதக்காரரான கத்தோலிக்கருக்கு, ஞாயிறு எங்களுக்கு. நாங்கள் ஜும்ஆவுக்குப் போகிற நாளில் யோசேப்பு கரைவலை வளைப்பார். அவர்கள் பூசைக்குப் போகிற நாளில் எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்கிற மீரா முகைதீனின் வலை இறங்கும். மற்ற நாட்கள் வலை வைத்திருக்கிற மற்றச் சம்மாட்டிமாருக்கு.

பிரதேச சபைத் தேர்தலுக்காக இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு கூட்டணி கட்டினோம். கிடைத்தது ஒரே ஆசனம். பாதிக் காலம் எங்கள் ஆள், பாதிக் காலம் அவர்கள் ஆள் என்பது பேச்சு. எங்கள் ஆள் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. ஒருநாள் யோசேப்பு வந்து, நாங்கள் விலகுகிறோம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார்.

உடனே கூட்டம். விலகுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் நாளைக்கு ஆளாளுக்கு விலகுவார்கள் என்றார் கூட்டணித் தலைவரான மீரா முகைதீன். அடிக்குப் பயந்து உள்ளே நிற்பது கூட்டணியா, மாட்டுப்பட்டியா என்று ஃபர்ஸானா டீச்சர் கேட்டார். நல்ல கேள்விதான், ஆனாலும் யோசேப்பின் வெள்ளிக்கிழமையைப் பறித்தோம். அந்த ஒரு நாளை நம்பித்தான் அவருடைய வலையும் அதை இழுக்கிறவர்களும் இருந்தார்கள் என்று தெரிந்தேதான் பறித்தோம். வெள்ளியில் ஜும்ஆவை விட்டு எங்களில் ஒருவனும் வலை வளைக்கப் போவதில்லை என்பது மட்டும் யாருடைய புத்திக்கும் எட்டவில்லை.

இரண்டாம் வெள்ளி. தொழுது வெளியே வந்தால் கடலுக்கு மேலே எங்கும் பறவைகள். கரையோரமாக வந்த கீரிமீன் கூட்டம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. யோசேப்பு மடித்த வலைமேல் உட்கார்ந்திருந்தார், சுற்றிவர அவருடைய ஆட்கள். மீன் வந்தது நாங்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குள் இருந்த நேரம். வளைத்திருந்தால் தடுக்க ஒரு குருவி இல்லை. மீரா முகைதீனுக்கே பொறுக்கவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டார்.

"கூட்டணியத்தான் விட்டம், நானா. கரை ஒழுங்க விடேல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. மீரா முகைதீன் நேரே வீட்டுக்குப் போனார்.

ஞாயிறு அவருடைய வலை இறங்கவில்லை. பூசை முடியும்வரை மாதா கோயில் வாசலில் நின்றார். துணைக்கு என்னையும் நிறுத்திவைத்தார். யோசேப்பு வெளியே வந்ததும் அவருடைய கையைப் பிடித்தார்.

"வெள்ளிக்கிழமைய நீங்களே எடுங்க, தம்பி. அதுக்காகக் கூட்டணிக்குத் திரும்பி வரத் தேவல்ல. மத்தவங்களோட நான் கதைச்சிக்கிறன்."

யோசேப்பு கோபப்படவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. மீன் போனதைப் பார்த்த கையோடு அவருடைய ஆட்கள் நுரைச்சோலைப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டார்களாம். இனி வலையை இழுக்க ஆள் இல்லை என்றார்.

"அதுக்கென்ன, எண்ட ஆக்கள அனுப்புறன்" என்றார் மீரா முகைதீன், யோசிக்காமலே.

யோசேப்பு கேட்டார்:

"வெள்ளிக்கிழமையா, நானா?"