இன்னொரு குழாய்

“உன் நாத்தனாருக்கு நீதான் ரத்தம் எடுக்கணும். உன் கை பழகின கை” என்றாள் மாமியார். வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மருமகள், சரி அத்தை என்றாள். அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து வரும் சொல் அது ஒன்றுதான்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ரத்தத்தைப் பார்த்து, பின்னால் சர்க்கரை வர வாய்ப்பு உண்டா என்று கணிக்கும் சோதனை அங்கே இருந்தது. போன முறை உண்டாகியிருந்தபோது, தனக்கும் அதைச் செய்துகொள்ளவா என்று கேட்டாள்.

“சர்க்கரைன்னு பேர் வந்துட்டா சீக்காளி வீடும்பாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்குது” என்று மாமியார் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். கணவன் அம்மாவுக்குத் தலையாட்டினான். பிறகு ஆறாம் மாதத்தில் வழக்கமாகச் செய்யும் சர்க்கரைச் சோதனையும் கல்யாணச் சந்தடியில் தள்ளிப்போனது. நாத்தனாருக்கு நல்ல இடம் அமைந்தது. மருமகளுக்குச் சர்க்கரை ஏறியிருப்பது தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ராசியில்லாதவள் என்ற பேரும் அவளுக்கே வந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்றைக்கு அழுததோடு சரி. அதன்பின் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

இப்போது நாத்தனார் முழுகாமல் இருக்கிறாள். தாயும் மகளும் கூடத்துக்கு வந்தார்கள். வாசல் பெஞ்சில் தெருக்காரப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி மாமியார் சொன்னாள்:

“முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே. இந்தக் காலத்துல இதுக்கெல்லாம் யாரு வெக்கப்படுவா?”

மருமகள் நாத்தனாரின் கையில் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினாள்.

“உங்களுக்கும் அப்பவே எடுத்திருக்கலாம் அண்ணி” என்றாள் நாத்தனார் தாழ்ந்த குரலில்.

“கையை இறுக்கி மூடிக்கோ” என்றாள் இவள்.

நாத்தனார் எழுந்ததும் அந்த நாற்காலியில் மருமகளே உட்கார்ந்தாள். சட்டைக் கையை மேலே மடித்துவிட்டு, தனக்கும் அதே சோதனைக்கு இன்னொரு குழாயில் ரத்தம் எடுக்கும்படி கூட வேலை செய்பவளிடம் சொன்னாள். மாமியாருக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது.

“மறுபடியும் முழுகாம இருக்கியா? எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா வேணாம்பீங்க.”

மாமியார் பெஞ்சுப் பக்கம் பார்த்துக் குரலை இறக்கினாள். “கதவையாவது சாத்திட்டு எடுங்கம்மா. தெருக்காரங்க இருக்காங்க.”

கூட வேலை செய்பவள் கதவைச் சாத்தப் போனாள்.

“திறந்தே இருக்கட்டும்” என்று மருமகள் கையை நீட்டினாள். “எனக்கும் முன்னாடியே தெரியணும் அத்தை.”

பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.