கரடி வீட்டு மாப்பிள்ளை

மிருகக்காட்சிசாலையில் டிக்கெட் கிழிப்பவர் முதல் யானையைக் குளிப்பாட்டுபவர் வரை எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான். அவன் மனைவி அங்கே கரடியைப் பார்த்துக்கொண்டவள். கரடிதான் தன் அம்மா என்று கூசாமல் சொல்லிக்கொண்டவள்.

அனாதைக் காப்பகத்தில் வளர்ந்தவள். பெற்றவர்கள் யாரென்று தெரியாது. அதற்குப் பதிலாக அவளிடம் ஒரு கதை இருந்தது. காடு பற்றி எரிந்த கோடையில் ஒரு தாய்க்கரடிக்கு இரண்டு குட்டிகள். முதுகில் ஒன்றைத்தான் சுமக்க முடியும். மற்றதை மடியில் போட்டு நக்கி நக்கி அதன் தோலைக் கழற்றியது. உள்ளே ஒரு பெண் குழந்தை. அதை மனிதர்கள் நடக்கும் பாதையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது.

"அந்தக் குழந்தைதான் நான். திரும்பிப் பார்த்திருந்தா அவ போயிருக்கவே மாட்டா" என்பாள்.

கல்யாணமான மறுநாளே அவனைக் கொண்டுபோய்க் கம்பிக்கு முன்னால் நிறுத்தினாள். "அத்தைன்னு கூப்பிடுங்க."

"நான் படிச்சவன்."

"படிச்சவங்களுக்கு மாமியார் கிடையாதா?"

அவன் கூப்பிடவில்லை. கரடி முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"பார்த்தீங்களா, முறுக்கிக்கிட்டா" என்று சிரித்தாள்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. அவள் போய்விட்டாள். அவனுடைய அண்ணன்தான் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னான். அவன் தன் வாயால் யாருக்கும் சொல்லவில்லை. அழவுமில்லை. வேலைக்குப் போனான், வந்தான்.

மிருக டாக்டர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். "கரடி சாப்பிடுறதை நிறுத்திடுச்சு. இன்னைக்கும் தொடலைன்னா மயக்க ஊசி போட்டுக் குழாய்லதான் கஞ்சி ஊத்தணும். இந்த வயசுல ஊசியை அதோட இதயம் தாங்காது. உங்க மனைவியோட சட்டையைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை வந்து நில்லுங்களேன்."

அவளுடைய காக்கிச் சட்டை அவனுக்கு இறுக்கிப் பிடித்தது. ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொள்ளும் நெட்டையனை அங்கே ஏணி என்பார்கள். "மாப்பிள்ளை, மூச்சு விட்டுடாதீங்க. பட்டனெல்லாம் உயிரைக் கையில பிடிச்சிட்டு இருக்கு" என்றான் ஏணி.

கரடி வந்தது. சட்டைக் கையை மோந்தது. தலை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, அதே முதுகைக் காட்டிப் படுத்தது.

அந்த முதுகைப் பார்த்ததும் அவனுக்குப் பிடிபட்டது. பழம் கொடுத்தார்கள், தேன் கொடுத்தார்கள், இப்போது வேஷமும் போட்டாயிற்று. பெண்ணைப் பெற்றவளுக்கு மட்டும் யாருமே துக்கம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் அவன்.

சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். "எல்லாரும் கொஞ்சம் வெளியே போங்க" என்றான். குரலில் இருந்த உறுதியைப் பார்த்து டாக்டரே முதலில் நகர்ந்தார்.

கம்பியோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அத்தை."

ஒரு காது அசைந்தது.

"உங்க பொண்ணு செத்துட்டா."

அவன் வாய் அதை முதல்முறையாகச் சொன்னது. சொன்னபின் மற்றதும் வந்தது. எந்தக் கட்டில், எந்த ஜன்னல், கை எப்படிச் சில்லிட்டது. "கடைசியில உங்களைப் பத்தித்தான் பேசினா. அம்மாவுக்கு ரொட்டியைப் பிச்சுக் குடுங்கன்னா. ஜுரத்துல உளர்றான்னு நினைச்சேன்."

கரடி எழுந்தது. மாரைத் தூக்கி நின்று ஒரு குரல் எழுப்பியது. மயில் அடங்கியது. குரங்குக் கூண்டு அடங்கியது. தூரத்தில் சிங்கம்கூட வாயை மூடிக்கொண்டது. சிமென்ட் தரையிலிருந்து புகை வாடை வந்தது, எரிந்த மரத்தின் வாடை.

பிறகு கரடி கம்பியருகே உட்கார்ந்து, அவன் கையை நக்க ஆரம்பித்தது. சொரசொரத்த நாக்கு. விரல், உள்ளங்கை, மணிக்கட்டு. விடாமல் நக்கியது. உள்ளே எதுவோ கழன்றது. அவன் வாய்விட்டு அழுதான்.

அழுது முடித்து, தட்டிலிருந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை உள்ளே நீட்டினான். கரடி தொடவில்லை. அவன் கையிலிருந்த மறுபாதியையே பார்த்தது.

"சரி, சரி. சாப்பிடுறேன்" என்று கடித்தான்.

அதன்பின் கரடியும் சாப்பிட்டது.

ஏணிதான் முதலில் ஓடி வந்தான். "என்ன மாப்பிள்ளை, மந்திரம் கிந்திரம் போட்டீங்களா?"

"எங்க வீட்டு விஷயம்" என்றான் அவன், சட்டையைத் தோளில் போட்டபடி. "நாளைக்கும் நான் வந்துதான் குடுப்பேன். முழு ரொட்டியா வைக்காதீங்க. அத்தைக்குத் தொண்டையில சிக்கும்."