நூற்றுப்பத்துக்குள் ஒரு கோபம்

தீயணைப்பு நிலையத்தில் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் முப்பதடி ஏணியில் ஏறி முடிப்பதற்குள் அவள் ஏறி, இறங்கி, தண்ணீரும் குடித்துவிட்டு நிற்பாள்.

அவள் விழுந்தது தீயில் இல்லை, ஒரு காலை நேரப் பயிற்சியில். ஏணியின் அடியைப் பிடித்திருந்தவர் அவளுடைய குழுத் தலைவர். மேலதிகாரிகளிடம் வழுக்கி வழுக்கிப் பேசுவதால் அவருக்கு வெண்ணெய் என்று பெயர். போன் அடித்தது. மேலிடத்து அழைப்பு. ஒரு கையால் எடுத்தவர், குழைகிற சுவாரஸ்யத்தில் மறு கையையும் விட்டார். ஈரத் தரையில் ஏணி சறுக்கியது. மற்றவர்கள் வண்டிக்குப் பின்னால் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை.

மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். ஒன்பது நாள் கழித்துக் கண் விழித்தாள். அதற்குள் வெண்ணெய் அறிக்கையை எழுதி முடித்திருந்தார்: சாப்பிடாமல் வந்து மயங்கி விழுந்தாள். அவர் கையை விட்டதை அவள் திக்கித் திக்கிச் சொன்னபோது, கட்டிலருகே நின்று உச்சுக்கொட்டினார்.

"பாவம், தலையில அடிபட்ட பொண்ணு. என்னத்தையோ உளறுது, விடுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். விழுந்ததைக்கூட மன்னித்திருப்பாள். அந்தப் 'பாவம்' நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது.

முதல் மாதம் படுத்தபடியே கணுக்காலை ஆட்டினாள். பிறகு அக்காவின் தோளைப் பிடித்துக் கூடத்தில் ஐந்து நிமிட நடை. பிறகு மருத்துவமனையில், நகராத சைக்கிள். பிசியோதெரபி பார்த்த பெண் கறார் பேர்வழி. நாடித்துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டக் கூடாது, தலைவலி வந்தால் உடனே நிறுத்த வேண்டும், மறுநாள் ஒரு படி குறைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பாள்.

ஒருநாள் குருவி மெதுவாகத்தான் மிதித்தாள். ஆனால் நாடித்துடிப்பு எண் நூற்று நாற்பதுக்குத் தாவியது.

"என்ன நினைச்சீங்க இப்ப?"

"ஒருத்தரை."

"அவரை வெளியில விட்டுட்டு வாங்க. இங்க சைக்கிள் மட்டும்தான்."

அவள் கேட்கவில்லை. அன்று மாலையே யாருக்கும் தெரியாமல் மொட்டை மாடிக்கு மூன்று மாடி ஓடி ஏறினாள். உச்சியில் வாந்தி எடுத்து விழுந்து கிடந்தவளை அக்காதான் தூக்கி வந்தாள். "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க!" மூன்று வாரம் பின்னுக்குப் போய், மறுபடியும் கூடத்து நடை.

அந்த மூன்று வாரத்தில் அவளுக்கு ஒன்று விளங்கியது. அவரை வெளியில் விட முடியாது. ஆனால் சத்தமில்லாமல் உள்ளே உட்கார வைக்கலாம். அவர் முகத்தை நினைத்துக்கொண்டே மிதித்தாள், மூச்சு சீராகும்வரை. எண் நூற்றிலேயே நின்றது. பிசியோ மெச்சினாள். "பாருங்க, மனசு அமைதியாயிடுச்சு!" குருவி சிரித்துக்கொண்டாள்.

பதினோராம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். உயரம் ஏறக் கூடாது, தரை வேலை மட்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். முதல் பயிற்சியை நிலைய அதிகாரியே பார்க்க வந்தார். அவர் கண்ணில் பட வேண்டுமென்று வெண்ணெய் தானே ஏணியில் ஏறினார். அடியைப் பிடித்தது குருவி.

அவர் உச்சிக்குப் போனதும் கேட்டாள்:

"சார், அன்னிக்கு நான் எப்படி விழுந்தேன்?"

"இப்ப எதுக்கும்மா அது? ஒழுங்கா புடி!"

அவள் வலது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். ஏணி ஆடியது.

"ஏய், கையை வை! கையை வை!"

"தலையில அடிபட்டவ சார். எப்ப என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

அதிகாரி கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவர் வந்து சேருவதற்குள் மேலிருந்து குரல் கிழிந்தது.

"நான்தான் விட்டேன்! போன் வந்துச்சு, விட்டுட்டேன்! மயக்கம்னு எழுதினது பொய்!"

"காலையில நான் சாப்பிட்டிருந்தேனா?"

"சாப்பிட்டே! நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே சாப்பிட்டோம்!"

ஓடி வந்த அதிகாரியின் கால் அப்படியே நின்றது. குருவி இரு கைகளாலும் ஏணியை இறுகப் பிடித்தாள். மணிக்கட்டில் இருந்த, நாடித்துடிப்பு காட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள்: நூற்று நான்கு. வெண்ணெய் ஒவ்வொரு படியாக இறங்கினார். இறங்கும்வரை அவள் பிடி தளரவே இல்லை.

விசாரணை புதிதாக நடந்தது. வெண்ணெய் பதவி இறங்கி வேறு நிலையத்துக் கிடங்குக்குப் போனார். குருவிக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஏணியில் ஆள் இருக்கும்போது கையை எடுத்தது குற்றம்தானே? மறுக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஏணியை ஆட்டிய அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு நாள் தலைவலி. பிசியோ திட்டித் தீர்த்து, நடையைப் பத்து நிமிடமாகக் குறைத்தாள். அக்கா நெற்றியில் ஈரத் துணி போட்டபடி கேட்டாள்.

"இப்பவாவது மனசு ஆறிச்சாடி?"

குருவி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"இல்லக்கா. இன்னும் கொஞ்ச நேரம் கத்த விட்டிருக்கலாம்."